தொட்டுப் பார்க்காமல் சொன்ன இரண்டு பதில்கள்

துறைமுகத்துக்குப் புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறது. மஞ்சள் நிறம், டிரங்குப் பெட்டி அளவு. நாலு விளக்கு, இரண்டு கேமரா, முன்னால் ஒரு இரும்புக் கை. அதைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, மேலே ஏசி அறையில் உட்கார்ந்து டிவி பார்ப்பதுபோல் கடலடியைப் பார்க்கலாமாம். அதற்குப் பூஜை போட்ட அன்று, ஓய்வுபெற்ற டைவர்கள் மூன்று பேரை மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு சால்வையும் எவர்சில்வர் டப்பாவும் கொடுத்தார்கள். என் டப்பாவுக்கு மூடி சேரவில்லை. அதை அங்கேயே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில், இப்போது வேலையில் இருக்கும் டைவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, அந்த ஃபிளைட்டுக்குள்ள நீதான பூந்த? உள்ள இன்னா பாத்த, சொல்லேன்."

"ஒண்ணியும் பாக்கல."

"சும்மா பிலிம் காட்டாத நைனா."

"மெய்யாலுமே ஒண்ணியும் பாக்கலடா. ஒரே இருட்டு."

அவர்கள் சலித்துக்கொண்டு பிரியாணிக்குத் திரும்பினார்கள். நான் பொய் சொல்லவில்லை. கண் ஒன்றும் பார்க்கவில்லை, கைதான் பார்த்தது. கை பார்த்ததை எழுதித் தருகிறேன் என்று தொழிலாளர் மலர் போடுகிறவரிடம் ஒப்புக்கொண்டேன். இத்தனை வருடம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ராயபுரத்தில் இருந்த ஒரு மனிதர். அவர் போன மாதம் காலமாகிவிட்டார். இனி எழுதினால் யாருக்கும் வலிக்காது, என்னைத் தவிர.

என் பெயர் தேசிங்கு. காசிமேட்டுக்காரன், பத்தாவது ஃபெயில். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் கலாசியாகச் சேர்ந்தேன். நன்றாக நீந்துகிறான் என்று டைவிங் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் காதில் ரத்தம் வந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, பாஸ் செய்தேன். பயிற்சிக் கதை அவ்வளவுதான்.

டைவர் என்றதும் மக்கள் நீலத் தண்ணீரையும் கலர் மீன்களையும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் தண்ணீர் கறுப்பு. நிலக்கரித் தூள், எண்ணெய், கூவமும் கால்வாய்களும் கொண்டுவந்து கொட்டுகிற கலீஜ். இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே போனால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்பதே தெரியாது. கப்பலின் விசிறியில் சிக்கிய வலையை அறுப்பது, தூணில் விரிசல் தேடுவது, கழன்று விழுந்த நங்கூரத்துக்குக் கொக்கி மாட்டுவது எல்லாமே தடவித்தான். முப்பது வருடத்துக்கு மேல் குருடனாகச் சம்பளம் வாங்கினேன் என்று என் வீட்டுக்காரி கேலி செய்வாள்.

எங்களுக்கு மேலதிகாரி ராயப்பன் மாஸ்டர். தூத்துக்குடிக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது, இன்னும் தாழ்ந்துபோகும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. டைவர் மேலே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும், நடுங்கிக்கொண்டிருக்கிற அவன் முன்னால் ஒரு கிளாஸ் சூடான டீயோடு உட்காருவார். கொடுக்க மாட்டார். ஒரு துண்டை எடுத்து அவன் கண்ணைக் கட்டுவார்.

"சொல்லுவே. கை என்ன பாத்துது?"

கீழே தொட்டது எல்லாவற்றையும் தொட்ட வரிசையில் சொல்ல வேண்டும். நீளம், பருமன், சொரசொரப்பா வழவழப்பா, கூர் உண்டா, அசைந்ததா. ஆனால் அது என்ன என்று மட்டும் சொல்லக் கூடாது. 'கயிறு' என்றால் நிறுத்துவார். 'ரெண்டு விரல் பருமன், முறுக்கு இருக்கு, வளையுது' என்றால் எழுதிக்கொள்வார். "பேரு வைக்காத. பேரு வச்சுட்டா கை அதுக்கப்புறம் பொய் சொல்லும்" என்பார். முழுதும் சொல்லி, அவர் முழுதும் எழுதிய பிறகுதான் டீ கைக்கு வரும். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். பாதி நாள் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டுதான் குடித்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தூணுக்கடியில் இறங்கி வந்து, "சாக்கு மூட்டை சார், பெருசா ஒண்ணு மாட்டிகினு கீது" என்றேன்.

"மூட்டைன்னு யாரு சொன்னா?"

"தொட்டேன் சார். சாக்குத் துணி. மெத்துன்னு கீது."

 அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பொத்தான் இருந்துச்சாவே?"

 இருந்தது. வரிசையாக நாலு பொத்தான். விரல் அவற்றைத் தொட்டு எண்ணியும் வைத்திருந்தது. மூட்டை என்று நான் முடிவு செய்துவிட்டதால், மூட்டைக்குப் பொத்தான் ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாளாகக் காணாமல்போயிருந்த ஒரு லாரி கிளீனரை அன்று மேலே கொண்டுவந்தோம்.

இன்னொருவர் காதர் பாய். தண்டையார்பேட்டைக்காரர், என் கயிறு பிடிக்கிறவர். ஹெல்மெட்டுக்குள் போன் உண்டு, ஆனால் பாதி நாள் அதில் கரகரப்புதான் கேட்கும். இடுப்பில் கட்டிய கயிற்றைத்தான் நம்புவோம். மேலிருந்து ஒரு இழுப்பு என்றால் 'நல்லா இருக்கியா'. நானும் ஒன்று இழுத்தால் 'நல்லா இருக்கேன்'. மூன்று என்றால் 'மேலே தூக்கு'. மேலிருந்து வருகிற இழுப்புக்கு மூன்று முறை பதில் இல்லையென்றால், எதையும் யோசிக்காமல் தூக்கிவிட வேண்டும். அவர் இழுப்பில் அவர் மனநிலைகூட எனக்குத் தெரியும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் சுருக்கென்று இழுப்பார்.

இனி அந்த விமானம். ஐப்பசி மாதம் ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம். மீனம்பாக்கத்திலிருந்து வடக்கே கிளம்பிய பயணிகள் விமானத்தின் ஒரு என்ஜின் வானத்திலேயே வெடித்தது. மணலி புதுநகரில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அதை மிகத் தாழ்வாகப் பார்த்திருக்கிறார்கள். சத்தம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது, மறு பக்கம் அப்படியே அமைதியாக இருந்தது என்றார்கள். எதிரே எண்ணெய்த் தொட்டிகள். விமானம் அவற்றைத் தாண்டி, எண்ணூரைத் தாண்டி, கடலுக்குள் போய் விழுந்தது. நூறு பேருக்கு மேல். ஒருவரும் பிழைக்கவில்லை.

காசிமேட்டுப் படகுகள்தான் முதலில் போயின. மிதந்த உடல்களையும் மெத்தைகளையும் கொண்டுவந்தார்கள். அடுத்த நாள் படகுகளை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். ஆனாலும் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை. கடலும் மணத்தது, மீனும் மணத்தது. மார்க்கெட்டில் வஞ்சிரத்தைக்கூட யாரும் சீண்டவில்லை. எல்லாரும் மீனைப் பார்த்துவிட்டு, கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

விமானத்தை ஓட்டியவர்கள் இரண்டு பேர். கேப்டன் வடநாட்டுக்காரர். துணை விமானி மெர்சி, ராயபுரத்துப் பெண். அவள் அப்பா ஞானம் அண்ணன் எங்கள் துறைமுகத்திலேயே இழுவைப் படகு என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். அவளுக்கு விமானி வேலை கிடைத்த நாளில் அவர் கேன்டீன் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். "நான் தண்ணீல ஓட்டுனேன், எம் பொண்ணு காத்துல ஓட்டுது" என்று ஒவ்வொரு மேஜையிலும் போய்ச் சொன்னார். நான் இரண்டு ஜாங்கிரி வாங்கித் தின்றேன்.

டெல்லியிலிருந்து விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். பெரிய அதிகாரி ஒரு பழைய என்ஜினின் தகடு இரண்டு கொண்டுவந்திருந்தார். என்ஜின் முகப்பில் வட்டமாக, விசிறி இறக்கைபோல் அடுக்கியிருக்கும் தகடுகள் அவை. சுழன்றுகொண்டே தண்ணீரில் மோதிய என்ஜின் என்றால் தகடெல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். நின்றுபோன என்ஜின் என்றால் நேராக இருக்கும். மாஸ்டர் எங்கள் கண்ணைக் கட்டி இரண்டையும் கையில் கொடுத்துத் தடவிப் பழக்கினார்.

விழும் முன் மெர்சி ரேடியோவில் பேசியது பதிவாகியிருந்தது. இடது என்ஜின் போய்விட்டது, நிறுத்திவிட்டோம், திரும்பி வருகிறோம். அவ்வளவுதான். அது எப்படியோ டிவிக்குப் போய்விட்டது. ஒரு வாரம் எந்த டீக்கடைக்குப் போனாலும் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. நிதானமான குரல். பஸ் தாமதமாகிறது என்று வீட்டுக்குச் சொல்கிற மாதிரி இருக்கும்.

முதல் முழுக்கு என்னுடையது. பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி ஆழம், கீழே இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. கடலடி முழுக்க அனல் மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சேறு. கை வைத்தால் முழங்கைவரை இறங்கியது. விமானத்தின் உடம்பைத் தொட்டேன், வழவழவென்று குளிர்ந்திருந்தது. அதோடு ஒட்டிக்கொண்டிருந்த இறக்கை. இறக்கையின் தடித்த ஓரம் முன்பக்கம், மெல்லிய ஓரம் பின்பக்கம் என்று சொல்லியிருந்தார்கள். தடித்த ஓரத்தைக் கண்டுபிடித்து, விமானம் பார்க்கிற திசையைப் பார்த்து நின்றேன். இடது கைப் பக்கம் தடவிப் போனதில் ஒரு என்ஜின் கிடைத்தது. தகடெல்லாம் ஒரே பக்கமாக மடங்கியிருந்தது. திரும்பி வந்து வலது கைப் பக்கம் போனேன். அங்கே இன்னொன்று, முக்கால்வாசி சேற்றில் புதைந்து. வெளியே தெரிந்த ஏழெட்டுத் தகடுகள் நேராக இருந்தன.

மேலே வந்தேன். மாஸ்டர் இல்லை. கம்ப்ரஸருக்கு ஒரு பாகம் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். பெரிய அதிகாரிதான் எதிரே நின்றார். துண்டு இல்லை, டீ உடனே கைக்கு வந்தது. சூடாக இருந்தது.

"சுற்றிக்கொண்டிருந்தது எது? லெஃப்ட்டா ரைட்டா?" என்றார் ஆங்கிலத்தில்.

"லெஃப்ட் சார்" என்றேன்.

அவர் முகம் மாறியது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இடது என்ஜின் கடைசிவரை ஓடியிருக்கிறது, வலதுதான் நின்றிருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பெண் எதை நிறுத்தினாள்?

சாயங்காலம் மாஸ்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"விமானம் எப்படிக் கிடக்கு? நிமிந்தா, கவுந்தா?"

எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. அதிகாரியிடம் லெஃப்ட் என்று சொல்லியாகிவிட்டது. அதை இப்போது குழப்பிக்கொள்ள ரோஷம் விடவில்லை.

"நேராதான் கீது சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

அதிகாரிகள் வெளியே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படகில் எத்தனையோ பேர் இருந்தோம், யாரோ யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் டிவியில் வந்துவிட்டது. கெட்டுப்போன என்ஜினை விட்டுவிட்டு நல்ல என்ஜினை நிறுத்திய துணை விமானி. மெர்சியின் போட்டோ, பக்கத்தில் சிவப்பு எழுத்து. அன்று இரவே கடல் பொங்கிவிட்டது. பத்து நாள் யாரும் இறங்க முடியவில்லை. என்ஜினைத் தூக்கிப் பார்த்தால் அதில் பொறித்த நம்பரை வைத்து எது எது என்று தெரிந்துவிடும். ஆனால் கிரேன் தோணி துறைமுகத்தை விட்டு நகரவே முடியவில்லை.

அந்தப் பத்து நாளில் ஒரு தடவை ராயபுரம் போனேன். ஞானம் அண்ணன் வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். நெஞ்சோடு ஒரு போட்டோவைப் பிடித்திருந்தான். மாதவரத்துக்காரனாம், அந்த விமானத்தில் தம்பியைப் பறிகொடுத்தவன். தினமும் காலையில் வருவான், மத்தியானம்வரை நிற்பான், போவான். திட்டுவதில்லை, கல்லெறிவதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. மழை பெய்தாலும் நகர மாட்டான். போட்டோவை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொள்வான்.

"உக்காரச் சொன்னா உக்கார மாட்றாம்பா" என்றார் ஞானம் அண்ணன். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். "அவன் திட்னாகூட எனக்குத் தேவல. வந்து சும்மா நின்னுகினு கீறான் பாரு, அத்தத்தான் தாங்க முடியல."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தேசிங்கு, நீதான கீய எறங்குன? ஊர் உலகமே எம் பொண்ணத் தூத்துது. நீ சொல்லு. அது தப்பு பண்ணிச்சாடா?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும், நான் வெறும் கூலிக்காரன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வெட்கத்தை இன்றுவரை மறக்கவில்லை.

பதினோராம் நாள் கடல் படுத்தது. விமானத்தின் மூக்குப் பகுதி ஒடிந்து தனியாகக் கிடந்தது. அதைக் கடற்படை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கொடுத்த வேலை, வால் பக்கம் பிய்ந்த வாய் வழியாக உள்ளே போய், எத்தனை வரிசைவரை ஆள் நுழைய முடியும் என்று பார்ப்பது.

நுழைந்தேன். தவழ்ந்து போனேன். தரையில் கம்பளம் இருக்கும் என்றார்கள், இல்லை. முழங்காலுக்குக் கீழே வழுக்கியது. இரண்டு பக்கமும் சீட்டுக் கால்கள் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லை. கையை நீட்டி நீட்டித் துழாவினேன். சீட்டே இல்லை, ஆளும் இல்லை. சாமான் காலி செய்த வீடுபோல் வெறிச்சென்று இருந்தது. இத்தனை பேரும் எங்கே போனார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் பயம் வந்துவிட்டது. பிணத்துக்கு நான் பயந்ததில்லை. அவ்வளவு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் இல்லை என்பதுதான் பயமாக இருந்தது.

காதர் பாய் ஒரு இழுப்பு இழுத்தார். நானும் இழுத்தேன். இன்னும் கொஞ்சம் போனேன்.

இரண்டு ஓரங்களிலும் மூடி மூடியாகத் தட்டுப்பட்டது. ஒவ்வொரு மூடிக்கும் ஒரு கொக்கி. உள்ளங்கைக்குக் கீழே ஒரு குமிழ், பாட்டில் மூடி அளவு. திருகினேன், திரும்பியது. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று.

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை விமானத்தில் போயிருக்கிறேன், வேலையாக அந்தமானுக்கு. குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது என்று அந்தக் குமிழை எட்டித் திருகியது ஞாபகம் இருக்கிறது. கையைத் தூக்கித்தான் திருகினேன். அது தலைக்கு மேலே இருந்தது.

அப்போது என் ஹெல்மெட்டில் ஏதோ தட்டியது. டிக் என்று, மிக லேசாக. கொஞ்சம் விட்டு மறுபடியும். கடல் மேலே அலைகிற கணக்கில் கீழே தண்ணீர் போய் வந்துகொண்டிருந்தது. அதே கணக்கில் தட்டியது.

கையை மேலே கொண்டுபோனேன். மெல்லிசாக, வட்டமாக, மூன்று. கண்ணாடி. ஒன்றோடொன்று உரசின. அவற்றுக்குள்ளே ஏதோ இருந்தது. அதற்கு மேலே துணி. அதற்கும் மேலே ஒரு பட்டை, இரும்பு வாய் வைத்து இறுக்கி மாட்டியது. அதற்கும் மேலே மெத்தை.

அவர்கள் எங்கேயும் போகவில்லை. வரிசை வரிசையாக எனக்கு மேலேதான் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்கு அடியில் தவழ்ந்து வந்திருக்கிறேன்.

காதர் பாய் இழுத்தார். என் கை அசையவில்லை. மறுபடி இழுத்தார். மூன்றாவது இழுப்புக்கும் பதில் இல்லையென்றால் தூக்கிவிடுவார். தூக்கினால் தொங்குகிற அத்தனை கைகளுக்கும் நடுவே என்னை இழுத்துக்கொண்டு போவார். பேரு வைக்காத, பேரு வைக்காத என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெல்லிசு, வட்டம், மூன்று, அவ்வளவுதான். மாஸ்டர் ஏன் பெயர் வைக்க விடுவதில்லை என்பதில் மீதிப் பாதி எனக்கு அன்றுதான் விளங்கியது. ஒரு இழுப்பு இழுத்துப் பதில் சொன்னேன்.

மூச்சு சீரானபோதுதான் அது உறைத்தது. விமானம் கவிழ்ந்து கிடக்கிறது. கவிழ்ந்து கிடந்தால் என் இடது கைப் பக்கம் விமானத்துக்கு வலது. முதல் நாள் நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். மெர்சி நிறுத்தியது சரியான என்ஜினைத்தான்.

மூன்று இழுப்பு இழுத்தேன்.

மேலே மாஸ்டர் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். அவர் துண்டை எடுக்கும் முன் நான் பேச வாயெடுத்தேன். விடவில்லை. கண்ணைக் கட்டினார். தொட்ட வரிசையில் சொல்லச் சொன்னார். மூடி, கொக்கி, திருகு குமிழ், தலைக்கு மேலே தட்டியது என்று சொல்லி முடித்தேன். பெரிய அதிகாரியும் பக்கத்தில் நின்று கேட்டார், ஒருவர் அவருக்கு மொழிபெயர்த்தார். 

"மொத நாள் ரெக்கையத் தொட்டியே, அதுல என்ன இருந்துச்சு?" என்றார் மாஸ்டர், மிகத் தாழ்ந்த குரலில்.

"வழவழன்னு..." என்றேன். நிறுத்தினேன். என் விரல்கள் அதைத் தெரிந்தே வைத்திருந்தன. "மூடி சார். முட்டை மாதிரி நீட்டமா, வரிசையா. ஒவ்வொண்ணு சுத்தியும் ஸ்குரூ."

அந்த மூடிகள் இறக்கையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும் என்றார் அதிகாரி. எல்லாம் பழையபடி மூட்டையும் பொத்தானும்தான். இறக்கை என்று பெயர் வைத்துவிட்டேன், அதன் பிறகு தொட்டதைச் சொல்லத் தோன்றவில்லை.

"அன்னைக்கு நேராதான் இருக்குன்னு சொன்னியே. பாத்தியா?"

"இல்ல சார்."

அவர் அதையும் எழுதினார். பிறகு டீயைக் கொடுத்தார். நான் அழுதேன். கண்ணில் துண்டு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். காதர் பாய் முதுகில் தட்டி, "உடு மாமு, உடு" என்றபோதுதான் எல்லாருக்கும் தெரிந்தது என்று புரிந்தது.

அடுத்த இரண்டு நாளும் சேற்றில் புதைந்த என்ஜினைக் கையாலேயே தோண்டினேன். வேறு ஆளை இறக்குகிறோம் என்றார்கள், நான் விடவில்லை. நேரான தகடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினேன். ஓரிடத்தில் விரல் உள்ளே போனது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பல் விழுந்த ஈறுபோல் ஒரு அடிக்கட்டை மட்டும். அதற்கு நேராக என்ஜினின் கூடு வெளிப்பக்கமாகக் கிழிந்து திறந்திருந்தது. அந்தத் தகடு வானத்தில் உடைந்து, கூட்டைக் கிழித்து, விமானத்தைத் திருப்புவதற்காக இறக்கைக்குள் ஓடுகிற எண்ணெய்க் குழாய்களை அறுத்திருக்கிறது. இன்னொரு என்ஜின் கடைசிவரை ஓடியும் விமானத்தை வானத்தில் பிடித்து நிறுத்த முடியாமல்போனது அதனால்தான். பிறகு கிரேன் தோணி வந்து தூக்கியபோது நம்பரும் அதையே சொன்னது. உடைந்தது இடது என்ஜின். டிவியில் ஒரு நாள் கீழ்வரியில் ஓடவிட்டார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.

என் பங்கை நான் கேட்டாக வேண்டும். ராயபுரம் போனேன். மாதவரத்துக்காரன் வழக்கம்போல் போட்டோவோடு நின்றுகொண்டிருந்தான். அவனையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசலிலேயே சொன்னேன்.

"அண்ணா, மெர்சி தப்பு பண்ணல. தப்பு பண்ணவன் நான். பிளேன் கவுந்து கெடந்துச்சு. நான் அத்தப் பாக்காம லெஃப்ட்ட ரைட்டுன்னும் ரைட்ட லெஃப்ட்டுன்னும் மாத்திச் சொல்ட்டேன். கெட்டுப்போன என்ஜினத்தான் அது நிறுத்திக்கீது. கரெக்டா பண்ணிக்கீது. என்ன செருப்பால அடி."

ஞானம் அண்ணன் அடிக்கவில்லை. மாதவரத்துக்காரன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு, பத்து நாளுக்கு மேல் நின்ற காலைத் தடவிக்கொண்டான். ஞானம் அண்ணன் வீட்டுக்குள் திரும்பி, அவனுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நான் கிளம்பினேன். தெருமுனைவரை கூடவே வந்தார். எனக்கு மனது கொஞ்சம் லேசாகியிருந்தது. அப்போதுதான் கேட்டார்.

"தேசிங்கு. கவுந்து கெடந்துச்சுன்னியே."

"ஆமாண்ணா."

"அப்ப எம் பொண்ணு..."  கையைத் தூக்கி, விரல்களைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டுக் காட்டினார். "இப்டியா இருந்துச்சு? அத்தினி நாளும்?"

மூக்குப் பகுதி தனியாகக் கிடந்தது என்று எழுதியிருக்கிறேன். அதைத் தூக்கியது கடற்படை ஆட்கள். நான் அதன் பக்கமே போகவில்லை. அது எப்படிக் கிடந்தது என்று எனக்குத் தெரியாது.

"இல்லண்ணா. அது தனியா கெடந்துச்சு. நேராதான் உக்காந்துகினு இருந்துச்சு. நான் தொட்டுப் பாத்தேன்."

"நீயே தொட்டியா?"

"நானேதான். சீட்டுல சாஞ்சிகினு, கைய மடில வச்சிகினு."

அவர் தலையை ஆட்டினார். என் கையை எடுத்து, மகளைத் தொட்டதாகச் சொன்ன அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பஸ் வரும்வரை விடவில்லை. கடைசிக் காலம்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். தேசிங்கு பார்த்தான், எம் பொண்ணு நேரா உட்கார்ந்திருந்தாள் என்று.

மறுநாள் ஆபீசில் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் மேஜையில் கடற்படையின் அறிக்கை இருந்தது. மூக்குப் பகுதி எப்படிக் கிடந்தது என்பது அதில் இருக்கும். அவர் அதன் மேல் கையை வைத்தார்.

"நீ தொட்டியாவே?"

"இல்ல சார்."

"இதுல எழுதியிருக்கு. சொல்லட்டுமா?"

"வேணாம் சார்."

அந்த மஞ்சள் மிஷின் பார்த்ததைத்தான் சொல்லும், பார்க்காததைச் சொல்லாது. அது இருந்திருந்தால் முதல் பொய்யை நான் சொல்லியிருக்க முடியாது. இரண்டாவதையும்தான்.

மாஸ்டர் அறிக்கையை டிராயருக்குள் வைத்து மூடினார். துண்டை எடுக்கவில்லை. நோட்டைத் திறக்கவில்லை. கேன்டீன் பையன் அப்போதுதான் கொண்டுவந்து வைத்த அவருடைய டீயை, ஆவி அடங்கும் முன்னே என் பக்கம் தள்ளினார்.